பழைய கேபிள் லொகேட்டர் செட்: 68,000 ரூபாய் அம்போ

மதுரைப் பக்கம் கேபிள் லொகேட்டர் (மண்ணுக்குள்ள போற கேபிளைத் தேடுற கருவி) வேலைக்குப் புதுசா இறங்குறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் பணத்தை எடுங்க. பழைய சர்வே கருவி விற்கிற கடை. பேர் போடல. கேபிள்ல சிக்னல் ஏத்துற டிரான்ஸ்மிட்டர், அதை மேலிருந்து பிடிக்கிற ரிசீவர், கிளிப், எர்த் பின் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். முழுசும் ஜிபேல போனது.

நம்ப வெச்சது எப்படின்னு கேளுங்க. கடை வாசல்ல ஈபி பில்லர் பாக்ஸ் பக்கத்துல கடைக்காரன் ரிசீவரைப் பிடிச்சு நடந்து காட்டினான். லைன் மேல வந்தா சத்தம் ஏறுது, விலகினா இறங்குது. "பாத்தீங்களாண்ணே, நேத்து வரைக்கும் சைட்ல ஓடுனது." ஏறும்தான். அது பவர் மோட். கேபிள்ல ஓடுற 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டையே பிடிக்கும், டிரான்ஸ்மிட்டரே வேண்டாம். டிரான்ஸ்மிட்டர்ல பச்சை லைட் எரிஞ்சுது, பீப் அடிச்சுது. அதை வெச்சு ஒரு கேபிளைக்கூட அவன் தேடிக் காட்டல.

சைட்ல வேற கதை. பகல்ல தெருவிளக்கு கேபிள்ல கரண்ட் ஓடாது, செத்துப்போன டெலிபோன் காப்பர்லயும் ஓடாது. ரெண்டுக்கும் பவர் மோட் ஊமை. சிவப்பு கிளிப் கேபிள்ல, கருப்பு கிளிப் எர்த் பின்ல. பின்னை லைனுக்குக் குறுக்கே தள்ளி அடிச்சு தண்ணியும் ஊத்தியாச்சு. ரிசீவர் மூச்சு விடல. பேட்டரி மூடியைக் கழட்டினா ஸ்டிக்கர் சொல்லுது: டிரான்ஸ்மிட்டர் 83 கிலோஹெர்ட்ஸ், ரிசீவர் 33 மட்டும். ஃப்ரீக்வென்சி ஒண்ணா இல்லாட்டி இது அனுப்புறதை அது பிடிக்காது. வேற வேற கம்பெனி, ரெண்டும் மஞ்சக் கலர். கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட்ல இருந்த சீரியல் நம்பரும் இந்த ரிசீவரோடது இல்ல.

கடைக்குப் போன் போட்டா, முதல்ல "திருமங்கலம் பக்கம் கரிசல்ணே, மண்ணுதான் இழுக்குது". ஈரக் கரிசல் தொல்லை கொடுக்கிறது ஜிபிஆருக்குய்யா (மண்ணுக்குள்ள ரேடார் அடிச்சுப் பார்க்கிற கருவி), இதுக்கு இல்ல! அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் ப்ளூ டிக் மட்டும். கடைசியா, "தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட் எடுக்காது." பொய். சொந்தப் பிழைப்புக்காக சுயதொழில் செய்றவர் வாங்கினா அவரும் நுகர்வோர்னு 2019 சட்டத்துலயே இருக்கு. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் போட்டாச்சு. 68,000 ரூபாய் இன்னும் அவன்கிட்ட.

வாங்குமுன் பார்க்க வேண்டியதை முழுசா எழுதலாம்னுதான் உட்கார்ந்தது. இருக்கிற கோவத்துல இவ்வளவுதான் வருது.

கரண்ட் இல்லாத கேபிள்ல டெமோ கேளுங்க. டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சிக்னல் சாகணும். ரிசீவரைத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்கினா ஆழமும் அரை மீட்டர் கூடணும். ரெண்டு பெட்டியிலயும் ஃப்ரீக்வென்சி, சீரியல் நம்பரை ஃபோட்டோ எடுத்து, பில்லுல எழுத வைங்க. முழுப் பணத்தை முன்னாடி அனுப்பாதீங்க. பிவிசி பைப்பையும் இது காட்டும்னு எவனாவது சொன்னா அப்படியே வண்டியைத் திருப்பிடுங்க.