பிள்ளையை ஒப்படைத்த மையமும் வாக்குக் கேட்கும் டீச்சரும்

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இயங்கும் பராமரிப்பு மையத்திற்கு, பள்ளி முடிந்தபின், என் மகள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சென்று வருகிறாள். பகல் உணவு, வீட்டுப்பாட உதவி, வாரத்தில் மூன்று நாள் பிரத்தியேக வகுப்பு, பள்ளி வாசலிலிருந்து வேன் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 380 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறேன். இம்மையத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், இதை நடத்தும் டீச்சர் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார் என்பதுதான். அவருடைய இளைய மகன் அதே பள்ளியில் நான்காம் ஆண்டில் படிக்கிறான். ஆகவே இந்த மதிப்பீட்டை எழுதும்போது, மையம் நல்லதா என்ற கேள்வியோடு, அதை நடத்துபவரை நம்பிப் பள்ளியின் பொதுப் பணத்தை ஒப்படைக்கலாமா என்ற கேள்வியையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டத்திற்கு முன் யாருக்கும் அநியாயம் நேரக்கூடாது என்பதால் மையத்தின் பெயரையும் பள்ளியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் சேவையைச் சொல்கிறேன். சமையல் வீட்டுச் சமையல்போலவே இருக்கும். சோறு, ஒரு குழம்பு, ஒரு கீரை அல்லது காய், கோழி அல்லது முட்டை என்று அன்றன்றைய உணவை வாசலில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள், வெள்ளிக்கிழமை சைவம். என் மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று சேர்க்கும் நாளில் ஒருமுறைதான் சொன்னேன். இரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவள் தட்டில் இறாலோ இறால் சேர்ந்த சம்பலோ வந்ததில்லை. மலாய்மொழிக் கட்டுரை எழுதத் தடுமாறியவள், இப்போது ஒரு பக்கத்தைத் தானாக எழுதி என்னிடம் வாசித்துக் காட்டுகிறாள். கணிதத்தில் அவ்வளவு முன்னேற்றம் தெரியவில்லை. அந்த வகுப்பில் பிள்ளைகள் அதிகம், சொல்லிக்கொடுப்பவரும் அடிக்கடி மாறினார். நான் வேலை முடிந்து ஜாலான் ஈப்போ நெரிசலைக் கடந்து வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிடும். அதுவரை பிள்ளையைத் தனியாக விடாமல் யாராவது ஒருவர் உடன் இருப்பார். மழைநாளில் நான் இன்னும் தாமதித்தபோதும் கூடுதல் கட்டணம் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு நாள் வேன் பழுதடைந்து, பிள்ளைகள் பள்ளி வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். நான் அதை அறிந்தது டீச்சர் என்னை அழைத்தபோதுதான். அப்போது வேன் இன்னும் வழியில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளைக் காவலர் அறையருகே உட்கார வைத்துவிட்டதாகவும், தாமே இன்னொரு வாகனத்தில் போய்க்கொண்டிருப்பதாகவும், பழுது காலையிலேயே தெரிந்தும் ஓட்டுநரை அனுப்பியது தமது தவறு என்றும் சொன்னார். கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. மறுவாரம் வேனுக்குரிய அனுமதியையும் பழுதுபார்த்த ரசீதையும் பெற்றோர் பார்க்கும்படி வாசலில் ஒட்டியிருந்தார். அவர்மீது எனக்குள்ள நல்லெண்ணத்தின் பெரும்பகுதி அந்த ஒரு நாளில் பிறந்தது.

பணத்தைப் பொறுத்தவரை அனுபவம் வேறுவிதமானது. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் முகாம் நடத்துவதாகச் சொல்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் 150 வெள்ளி வாங்கினார். போதுமான பிள்ளைகள் சேரவில்லை என்று முகாமை இரத்து செய்தார், அதில் தவறில்லை. பணம் திரும்பி வர மூன்று மாதமாயிற்று. இரண்டு முறை நான் நினைவூட்டினேன், மூன்றாவது முறை சற்றுக் கடிந்து கேட்டேன். முன்பணமாக யாரிடமோ கொடுத்தது திரும்பவில்லை, மாத வாடகைக்கும் எடுத்தாள நேர்ந்தது என்று அப்போதுதான் சொன்னார். பணம் முழுதாக வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணம் இன்னொரு காரியத்துக்குப் போயிருந்தது. சொந்தத் தொழிலில் இப்படி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்வதைப் பலர் செய்கிறார்கள். சங்கக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

இந்தத் தேர்தலை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் கடைசியாக நடந்தது 1963-இல். 1965-இல் அது நிறுத்தி வைக்கப்பட்டது, 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தோடு வழக்கொழிந்தே போனது. ஆகவே நம் பிள்ளைகளின் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் நாம் நேரடியாகக் கைதூக்கித் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, ஆண்டுதோறும் பள்ளி மண்டபத்தில் நடக்கும் அந்தப் பொதுக்கூட்டத்தில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் கூட்டத்திற்கு வந்தவர்கள் அறுபது பேர்கூட இருக்க மாட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் சிற்றுண்டி முடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பை இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் இருநூறாம் ஆண்டைப் பெருமையோடு கொண்டாடிய சமூகம் நாம். கோலாலம்பூரில் இருப்பவை பதினைந்து தமிழ்ப்பள்ளிகள்தாம். அவற்றில் ஒன்றின் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதை அறுபது பேருக்கும் குறைவானவர்கள் தீர்மானிப்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

டீச்சரின் துண்டறிக்கை பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்தது. அதில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: மண்டபத்திற்குக் குளிரூட்டி, பின்தங்கிய மாணவர்களுக்குக் கூடுதல் வகுப்பு, 'சரியாகச் சொல்லிக்கொடுக்காத ஆசிரியர்கள்மீது நடவடிக்கை'. மூன்றாவது அவரால் செய்யக்கூடியதே அன்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் இயங்குவது. தலைமையாசிரியர் அதற்கு ஆலோசகர். பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியர்களின் தொழில்சார்ந்த விவகாரங்களிலும் சங்கம் தலையிடக் கூடாது என்பது விதி. ஓர் ஆசிரியரைப் பற்றிய குறையைத் தலைமையாசிரியரிடமோ கல்வி இலாகாவிடமோ கொண்டு போகலாம். சங்கத் தலைவர் நடவடிக்கை எடுக்க முடியாது. கைதட்டல் வாங்கும் இந்த வரியை விதியை அறியாமல் எழுதினாரா, அறிந்தும் எழுதினாரா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அறியாமல் எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். அறிந்தே எழுதியிருந்தால் மற்ற இரண்டு வாக்குறுதிகளையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

அதே அறிக்கையில் மையத்தின் சாதனையாகச் சில மாணவர்களின் படங்கள் இருந்தன. அவை மையத்தின் சுவரிலும் இருப்பவை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வில் எட்டுப் பாடங்களிலும் ஏ பெற்ற பிள்ளைகள். அந்தத் தேர்வு கடைசியாக நடந்தது 2019-இல், அகற்றப்பட்டது 2021-இல். அந்தப் பிள்ளைகள் இன்று இடைநிலைப் பள்ளியையே முடித்திருப்பார்கள். படங்களில் பொய் எதுவுமில்லை. ஆனால் இப்போது இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்கு இவரால் என்ன செய்ய முடியும் என்பதை அவை சொல்லவில்லை. அதற்கு என் மகளின் மலாய்க் கட்டுரை நோட்டு மேலான சான்று; அதே வேளையில் கணித வகுப்பின் நெரிசலும் சான்றுதான்.

எனக்கு உறக்கம் கெடுத்தது இரண்டாவது வாக்குறுதி. கூடுதல் வகுப்பு என்பது சங்கப் பணத்தில் நடப்பது. அப்பணம் குடும்பத்திற்கு இவ்வளவு என்று நாங்கள் கொடுக்கும் நன்கொடை. எங்கள் பள்ளியில் காசோலையில் கையெழுத்திடுபவர்களில் ஒருவர் தலைவர். பிரத்தியேக வகுப்பு நடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தலைவராகி, கூடுதல் வகுப்புக்குப் பணம் ஒதுக்கினால், அதை நடத்தப் போவது யார்? ஒரு மாலை மகளை அழைக்கச் சென்றபோது இதைக் கேட்டேவிட்டேன்.

"டீச்சர், நீங்க தலைவரா வந்தா அந்த வகுப்பை யார் நடத்துவாங்க?"

"அதை இன்னும் யோசிக்கலைம்மா. நம்ம பிள்ளைங்களுக்கு நல்லா சொல்லிக்கொடுக்கிறவங்க யாரா இருந்தாலும் சரிதானே."

அவர் முகம் சுருங்கவில்லை, கோபிக்கவும் இல்லை. ஆனால் பதில் எனக்குப் போதவில்லை. மூன்று நாள் கழித்து அவரே புலனத்தில் தனியாகச் செய்தி அனுப்பினார்: நான் கேட்டது நியாயம்தான், பதவியில் இருக்கும்வரை தமது மையமோ தம்மிடம் வேலை செய்பவர்களோ பள்ளியில் பணம் பெற்று வகுப்பு நடத்த மாட்டார்கள். வேன் பழுதான நாளில் கேட்ட அதே நேர்மை அந்தச் செய்தியிலும் இருந்தது. இதைப் பெற்றோர் குழுவில் போடலாமா என்று கேட்டதற்கு, "இப்ப வேணாம்மா, கூட்டத்துல பார்த்துக்கலாம்" என்று எழுதினார். என்னிடம் தனியாகச் சொன்ன வாக்கு எனக்கு மட்டுமே கொடுத்த வாக்கு. மூன்று மாதம் திரும்பாத அந்த 150 வெள்ளியை நினைத்துப் பார்க்கும்போது, கூட்டக்குறிப்பில் பதிவாகாத எதையும் நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை.

எதிர்த்து நிற்பவர் தற்போதைய செயலவையில் இருப்பவர். கணக்கறிக்கையை ஒழுங்காக வைத்திருக்கிறார், பேச்சில் சுருக்கமானவர். பெற்றோரிடம் பழகுவதில் ஆர்வமில்லாதவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்குக் குறையில்லை. இருவரைப் பற்றியும், யாருக்கு எந்தக் கட்சியின் ஆதரவு, யார் எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் குழுவில் ஓடும் செய்திகளை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மையத்தைத் தேடும் பெற்றோருக்கு என் முடிவு தெளிவானது: உணவு, பாதுகாப்பு, பிள்ளைமீது காட்டும் அக்கறை ஆகியவற்றுக்காகச் சேர்க்கலாம், முன்பணம் எதையும் ரசீதும் திருப்பித் தரும் தேதியும் இல்லாமல் கொடுக்க வேண்டாம், கணிதத்திற்கு வேறு ஏற்பாடு பாருங்கள். என் மகள் அடுத்த ஆண்டும் அங்குதான் போவாள்.

வாக்கைப் பொறுத்தவரை, பிள்ளைகளை நேசிப்பவர், தவறை ஒப்புக்கொள்பவர் என்ற அளவில் டீச்சரைச் செயலவைக்குத் தேர்ந்தெடுக்க எனக்குத் தயக்கமில்லை. தலைவர் பதவிக்கு என் கை உயர வேண்டுமானால், எனக்கு எழுதியதை அவர் மண்டபத்தில் எல்லார் முன்னும் சொல்ல வேண்டும், செயலாளர் அதைக் கூட்டக்குறிப்பில் எழுத வேண்டும். நிகழ்ச்சி நிரலில் கணக்கறிக்கைக்கு அடுத்தபடியாகவே தேர்தல் வருகிறது. பிற விவகாரங்கள் அதற்கும் பின்னால். ஆகவே கணக்கறிக்கை மீதான விவாதத்திலேயே எழுந்து கேட்கப் போகிறேன். அப்படிக் கேட்கப் போகிறேன் என்பதை நேற்று அவரிடமே சொல்லிவிட்டேன். "கேளுங்கம்மா" என்றார்.