இருபுறமும் அணியும் குழந்தைச் சட்டை: இரண்டு மழைக்காலங்களுக்குப் பிறகு

தையல் பழகத் தொடங்குபவர் முதலில் ஒற்றைத் துணியில் ஒரு சட்டையைத் தைத்துப் பார்க்க வேண்டும், உட்துணி வைத்த சட்டையெல்லாம் கை நன்றாகப் பழகிய பிறகுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இரண்டு மழைக்காலங்கள் முழுக்க முன்பள்ளிக்கும் கோயிலுக்கும் என் மகள் மாற்றி மாற்றி அணிந்த சட்டைகளை வைத்துப் பார்க்கும்போது, எனக்கு அந்த யோசனை சரியாகப் படவில்லை. இரண்டு துணிகளைச் சேர்த்து, எந்தப் பக்கத்தையும் வெளியே வைத்து இருபுறமும் அணியும் சட்டையைத் தைப்பது எளிது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் வாழ்கிற நமக்கு அதைக் காயவைப்பதுதான் பெரும்பாடு.

எளிது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது, நேர்தையல் மட்டுமே போடக்கூடிய பழைய கைமெசின்தான். ஒற்றைத் துணிச் சட்டையில் வெட்டிய ஓரமெல்லாம் உள்ளே தெரியும். ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லொக் மெசின் இல்லாவிட்டால் அது நூல் நூலாகப் பிரியத் தொடங்கும். கழுத்துக்கும் கைக்குழிக்கும் ஓரத்தை மறைக்கத் தனியாகப் பட்டி வெட்டி வைக்க வேண்டும், வளைவில் அதைச் சுருக்கமில்லாமல் உட்கார வைப்பது புதியவருக்கு எளிதல்ல. இருபுறச் சட்டையிலோ ஓரங்கள் அனைத்தும் இரு துணிகளுக்கும் இடையில் மறைந்துவிடுகின்றன. இரண்டாவது துணியே பட்டியின் வேலையையும் செய்துவிடுகிறது. கைமெசின் மெதுவாக ஓடுவதும் வளைவுகளில் நன்மைதான்.

ஆனால் மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திறப்பில்லாமல் ஒவ்வொரு துண்டாக வெட்டி, தோளையும் பக்கங்களையும் மூடித் தைத்துவிட்டால், கழுத்தையும் கைக்குழிகளையும் மெசினில் தைத்த பின் சட்டையைத் திருப்ப வழியே இருக்காது. ஆகவே தோளில் பொத்தான் போடும் பட்டி வைத்த மாதிரியே புதியவருக்கு ஏற்றது. இரு துணிகளிலும் பக்கத் தையல்களைத் தனித்தனியே முடித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒன்றை மற்றொன்றினுள் நுழைத்து, கைக்குழி, தோள்பட்டி, கழுத்து என்று மேல்விளிம்பு முழுவதையும் ஒரே ஓட்டமாகச் சுற்றித் தைத்து, கீழ்வழியாகத் திருப்பிவிடலாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு மார்பளவு 56 சென்ரிமீற்றர் என்றால், உள்ளே சுவெட்டர் போடுவதற்கு இடம் விட்டு 66 சென்ரிமீற்றராக வெட்டுவது நம் குளிருக்குப் பொருந்தும். 115 சென்ரிமீற்றர் அகலத் துணியாயின் ஒவ்வொன்றிலும் முக்கால் மீற்றர் போதுமானது.

திருப்புவதற்கு முன் செய்யும் வேலையில்தான் சட்டையின் அழகு இருக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் விட்டுத் தைத்த விளிம்பைப் பாதியாகக் குறைத்து, வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு சிறு கத்தரி வெட்டுகள் கொடுக்க வேண்டும். இல்லையேல் கழுத்து தட்டையாகப் படியாமல் உப்பி நிற்கும். திருப்பியதும் விளிம்பை விரல்களுக்கிடையே உருட்டி, தையல் சரியாக ஓரத்திலேயே நிற்கும்படி செய்து மின்னழுத்தியால் அழுத்திய பிறகே மேல் தையல் போட வேண்டும். அந்தத் தையல் இருபுறமும் தெரியும் என்பதால் மேல்நூல் மேல்பக்கத் துணியின் நிறமாகவும், அடியில் ஓடும் பொபின் நூல் மறுபக்கத் துணியின் நிறமாகவும் இருக்க வேண்டும். நூலின் இறுக்கம் சற்று மாறினாலும் வெள்ளைத் துணியின்மீது சிவப்பு நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். எனக்குப் பழக்கித் தந்த தையல்கார அக்கா, "வெட்டி மிஞ்சுன துண்டுல ரெண்டையும் சேத்து வச்சு ஒரு முழம் ஓட்டிப் பாருங்க தங்கச்சி, அப்புறமா சட்டையில கைய வைங்க" என்பார். இன்றும் அதை நான் மீறுவதில்லை.

பொத்தான்களை இரு பக்கத்திலும் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்றாக வைத்து, ஒரே நூலால் இரண்டின் துளைகளையும் கோத்துத் தைத்தேன். இது எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைத்தது. இழுபடும் பாரத்தைத் துணி மட்டும் தாங்காமல் பின்பொத்தானும் பகிர்வதால், பிள்ளை எவ்வளவு இழுத்தும் தோள் கிழியவில்லை. அழுத்துப் பொத்தான் இங்கே அவ்வளவு பொருந்தாது. குளிரில் விறைத்த சின்ன விரல்களால் அதைப் பிரிக்க முடிவதில்லை.

துணி விடயத்தில், வெட்டுவதற்கு முன் இரண்டையும் ஓர் இரவு ஊறவைத்துக் காயவைப்பது கட்டாயம். பருத்தி முதற் சலவையில் சுருங்கும். பொலியெஸ்டர் கலந்தது அவ்வளவாகச் சுருங்காது. ஊறவைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் ஒரு துணி மற்றதைச் சுருட்டி இழுக்கும். அடர்நிறத் துணியை ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். வழுவழுப்பான பொப்ளின் துணிக்கு உட்புறமாகப் பஞ்சு போன்ற பிளனல் துணி வைத்தது உடலுக்கு இதமாக இருந்தது. ஆனால் அதையே வெளிப்புறமாகத் திருப்பி அணிந்தபோது, முன்பள்ளி வாங்கில் உரசிய இடமெல்லாம் பஞ்சு உருண்டு உருண்டு நின்றது. இப்போது இரு பக்கமும் பொப்ளின்தான். சூட்டுக்குச் சுவெட்டர் இருக்கிறது.

இருபுறமும் அணியலாம் என்பதால் ஒரு சட்டை இரண்டு சட்டைக்குச் சமம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வெளிப்பக்கம் சேறானதும் திருப்பிப் போட்டால், அந்தச் சேறுதான் பிள்ளையின் உடலில் படும். நிறம் மாற்றலாமே தவிர ஒரு சலவையும் மிச்சமாகாது.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழையில், கீழ்விளிம்பும் மூடித் தைத்த சட்டை அடுப்பங்கரைக் கொடியில் தொங்கியும் காயாது. மேல்துணி காய்ந்தாற்போல் இருக்கும். உள்ளே கைவிட்டால் ஈரம் ஊறிக்கிடக்கும், கூடவே புகைநாற்றமும் ஏறிவிடும். இதனால் பிந்திய சட்டைகளில் கீழ்விளிம்பை மூடாமல், இரு துணிகளையும் தனித்தனியே மடித்துத் தைத்து, பக்கத் தையல்களில் மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் நீள நூற்சரடால் இணைத்துவிடுகிறேன். இரண்டுக்கும் நடுவே காற்று புகுவதால் உலர்வதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. திருப்பி அணிவதற்கும் தடையில்லை. கீழே எப்போதாவது ஒரு நூல் தொங்கினால் கத்தரித்துவிடலாம்.

மூடிய விளிம்பில் கிடைக்காத இன்னொரு வசதியும் இதில் உண்டு. இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆறு ஏழு சென்ரிமீற்றர் வளர்வதால், கீழ்மடிப்பில் ஐந்து சென்ரிமீற்றர் வரை விட்டு, தோள்பட்டியில் இரண்டு பொத்தான் துளைகளும் வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் அதே சட்டை உதவும். மடிப்பை இறக்கும்போது பழைய கோடு வெளிறிய வரியாகத் தெரியும். அதன்மேல் ஒரு வரிசை நாடா வைத்துத் தைத்தால் மறைந்துவிடும்.