மழை மலையா, நிலாத் தீவா? ஸ்விட்ச்சில் எந்த ஃபேட்டல் ஃபிரேம்?

ஃபேட்டல் ஃபிரேம் என்ற திகில் வீடியோ கேமில் பேயைச் சுடத் துப்பாக்கி கிடையாது, கேமராதான். அதுவும் பேய் நம் மேல் பாயும் அந்த நொடியில் படம் எடுத்தால்தான் அடி பலமாக விழும். 2001-இல் டெக்மோ தொடங்கிய இந்த வரிசையின் மொத்த பயமும் இதில்தான் இருக்கிறது. ஓடத் தோன்றும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

என் ஸ்விட்ச்சில், அதாவது நின்டெண்டோவின் கையில் பிடித்தும் ஆடக்கூடிய கேம் கன்சோலில், இந்த வரிசையில் இரண்டு இருக்கின்றன. 'மாஸ்க் ஆஃப் த லூனார் எக்லிப்ஸ்' (நான் நிலாத் தீவு என்பது இதைத்தான்) 2008-இல் நின்டெண்டோவின் பழைய வீ கன்சோலுக்கு, ஜப்பானில் மட்டும் வந்தது. மற்ற நாடுகளுக்கு 2023-இல்தான் கிடைத்தது. 'மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர்' (மழை மலை என்பது இது) 2014-இல் அதற்கு அடுத்த கன்சோலான வீ யூவுக்கு வந்து, 2021-இல் ஸ்விட்ச்சுக்கு மாறியது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?

கதைக்கு நிலாத் தீவுதான், சந்தேகமே இல்லை. ரோகெட்சு தீவில் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட ஐந்து சிறுமிகளுக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்லை. பத்து வருஷத்தில் இரண்டு பேர் இறந்துபோக, மற்றவர்கள் தீவுக்கே திரும்பிப் போகிறார்கள். கீழே கிடக்கும் ஒரு பொருளை எடுக்க பட்டனை அமுக்கியபடியே இருக்க வேண்டும். கை மெல்ல மெல்ல நீளும். பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பதினோராவது தடவை வெளிறிய கை ஒன்று மணிக்கட்டைப் பிடிக்கும். ஆனால் நடை ரொம்ப மெதுவு. ஹெட்போன் போட்டு ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டிய கேம் இது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு அது ஒத்துவராது. கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் அதிரும், பயம் அறுந்துபோகும்.

மழை மலையின் கதை அவ்வளவு இறுக்கமில்லை, போன இடத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சரி, ஆனால் கையில் வைத்து ஆட இதுதான். கதை சின்னச் சின்ன அத்தியாயங்களாக இருக்கிறது. சாப்பிடக் கூப்பிடுவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். உடம்பு நனைய நனையப் பேய்களின் தொல்லை கூடும். தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து பழகிய நமக்கு அந்த ஈரம் சட்டென்று புரியும்.

இதைவிடப் பெரிய விஷயம், ஸ்விட்ச்சையே கேமரா மாதிரி திருப்பிக் குறி வைக்கலாம். கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டை மாடியில் ஆடினேன். பேய் திரையை விட்டு இடது பக்கம் நழுவியது. நானும் கன்சோலோடு திரும்பினேன். திரையின் ஓரத்துக்கு அப்பால் தண்ணீர் டேங்கும் அதன் பின்னால் இருட்டும் தெரிந்தன. பக்கத்தில் இருந்த சித்தி பொண்ணு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அந்தப் பக்கம் திரும்பாதண்ணா" என்றாள். டிவியில் போட்டு ஆடினால் இது கிடைக்கவே கிடைக்காது.

அதனால் முதலில் மழை மலை. வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருக்கும் நாளுக்கு நிலாத் தீவு.

அப்புறம், எந்த ஸ்விட்ச் என்று கேட்டால், முடிந்தவரை 7 இன்ச் ஓஎல்இடி திரை உள்ள மாடல். பழைய எல்சிடி திரையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். இருட்டை நம்பியிருக்கும் கேமுக்கு அது பெரிய குறை. 5.5 இன்ச் திரை கொண்ட ஸ்விட்ச் லைட் என்ற சின்ன மாடலிலும் திருப்பிக் குறி வைக்கலாம், ஆனால் தூரத்தில் நிற்கும் உருவங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.