டிவி நிறுத்தாத தேத்தண்ணிக் கடை

லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூலையில் அமைதியாக எழுத இடம் தேடுபவர்கள் இந்தக் கடைக்குப் போக வேண்டாம். மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டி, கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பெயர்ப் பலகை உண்டு, எழுத்துகள்தான் வெயிலில் வெளுத்துவிட்டன. யாரைக் கேட்டாலும் "மாமிட கட" என்று வழி காட்டுவார்கள். ஆறு மேசை, இரண்டு காற்றாடி, சுவரில் ஒரு டிவி. கடை திறந்திருக்கும் வரைக்கும் அந்த டிவி ஓடும். ஐந்துக்கு நாலு புள்ளி கொடுக்கிறேன். அந்த நாலில் இரண்டு டிவிக்குத்தான்.

நான் கதை எழுதுகிறவள். பகலில் ஒரு பிரதேச செயலகத்தில் கோப்புகளோடு வேலை, இரவில் நாவல். போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் என் கதைகளை வாசிக்கும் ஏழெட்டுப் பேர் ஒன்றுகூடிக் கதைப்போம். அவர்கள் கேட்பதும் நான் மழுப்புவதுமாகத்தான் பெரும்பாலும் போகும். முதலில் நூலகத்தில் கூடிப் பார்த்தோம். அங்கே சத்தமாகச் சிரிக்க முடியாது. கடற்கரையில் காற்று பக்கங்களைக் கொண்டுபோனது. நகரத்தில் ஒரு குளிரூட்டிய சாப்பாட்டுக் கடையில், தேத்தண்ணி குடித்து முடித்ததும் பில்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்கள். மாமியின் கடையில் ஒரு பிளேன்டீயோடு இரண்டு மணித்தியாலம் இருந்தாலும் யாரும் எழும்பச் சொல்வதில்லை. நாடகம் ஓடும்போது எழும்பினால்தான் மாமி முறைப்பார், திரையை மறைக்கிறோமாம்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளேன்டீ 50 ரூபாய், பால் தேத்தண்ணி 120. "சீனி குறைவா" என்று சொல்லாவிட்டால் பாயசம்தான் வரும். சொன்னாலும் அந்தப் பொடியன் மறந்துவிடும் நாட்கள் உண்டு. உழுந்து வடை நாலரை மணிக்குச் சட்டியில் விழும், ஐந்தரைக்குள் தீர்ந்துவிடும். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மிளகுக் காரமுமாக நன்றாக இருக்கும். கூட வரும் சம்பல் தேங்காய் விலை ஏறியதிலிருந்து ஒரு கரண்டி குறைந்துவிட்டது. மாமியும் அதை ஒளிக்கவில்லை, "தேங்காய்க்காரனக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். மாலையில் பிட்டும் சொதியும் உண்டு. பிட்டு சில நாள் உதிர்ந்து விழும், சில நாள் கல்லாக இருக்கும். மாமி எந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டு அவித்தார் என்பதைப் பொறுத்தது என்று எங்கள் கூட்டத்தில் ஒரு கணிப்பு. வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர்ச் சட்டி வந்த நாளில் வேறு எதையும் கேட்காதீர்கள். தயிரும் சீனியும் போதும்.

இனி டிவி. முப்பத்திரண்டு அங்குலம் இருக்கும். சாமிப் படங்களுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். ரிமோட் மாமியின் மடியில், வேறு யாருக்கும் அதிகாரம் இல்லை. பின்னேரம் ஆறரைக்கு இந்திய நாடகங்கள் வரிசையாகத் தொடங்கும். விளம்பரம் வந்தால் மாமி சத்தத்தைக் குறைப்பார், நாடகம் திரும்பினால் கூட்டுவார். ஆகவே எங்கள் இலக்கியச் சந்திப்பு விளம்பர இடைவேளைகளில்தான் நடக்கும். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம். நீட்டி முழக்கிக் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் தன் கவிதையை வாசிக்கும் ஆட்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். இந்தக் கடையில் அவர்களால் பிழைக்க முடியாது. கூட்டம் நடத்தும் மற்றவர்களும் இதை யோசித்துப் பார்க்கலாம்.

டிவி ஓடுவதால் பேச்சும் டிவியைச் சுற்றித்தான் தொடங்கும். ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் வருவார், ஸ்டாண்டில் இருக்கும்போதே வாசிப்பவர். அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அக்கா, உங்கட நாவல நாடகமா எடுத்தா ஆரு நடிப்பா?" ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருடத்துக்கு முந்நூறு எபிசோட் தாண்டும். என் நாவலில் இருப்பதே இருபத்தாறு அத்தியாயம். ஓர் அத்தியாயத்தை இரண்டு எபிசோடாக இழுத்தாலும் இரண்டாம் மாதத்தோடு கதை தீர்ந்துவிடும், மூன்றாம் மாதத்தில் யாருக்காவது நினைவு தப்ப வேண்டும், நாலாம் மாதத்தில் அவருடைய இரட்டைப் பிறவி கொழும்பிலிருந்து வர வேண்டும். "வரட்டும், நல்லாத்தானே இருக்கு" என்றார் தம்பி. மாமியும் தலையாட்டினார்.

வந்தாறுமூலை கெம்பஸில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி மாமியின் நாடகங்களைப் பார்க்கமாட்டாள். போனில் கொரிய நாடகம்தான். "அவங்க பதினாறு எபிசோட்ல அழ வச்சு, சிரிக்க வச்சு, கல்யாணமும் முடிச்சு வச்சிர்றாங்க. நீங்க என்னக்கா இவ்வளவு வருஷமா உங்கட நாவல்ல ஒரு வீட்ட விட்டே வெளிய வரல்ல?" என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து விளம்பரம் முடிந்து நாடகம் வந்தது. அன்றைக்கு டிவிக்கு இன்னும் அரைப் புள்ளி கூடக் கொடுத்திருப்பேன்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா ஒருவரும் வருவார். படுவான்கரையில் மின்சாரம் வராத காலத்தில், வாடகைக்கு எடுத்த டிவியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் மாட்டுவண்டியில் ஏற்றி வந்து, கோயில் வெளியில் விடிய விடியப் படம் பார்த்த கதையை அவர் சொல்லத் தொடங்கினால் மாமியே சத்தத்தைக் குறைத்துவிடுவார். அந்த ஐயாவுக்கு மாமியின் நாடகங்களில் பிடித்தது ஒரே ஒரு விஷயம். நடிகர் விலகிப்போனால் திரையின் கீழே "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போடுவார்களே, அது. என் நாவலில் வரும் பெரியப்பா பாத்திரம் எனக்கே அலுத்துவிட்டது என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன். "பதினொராம் அத்தியாயத்திலிருந்து இவருக்குப் பதில் இவர் என்று போட்டுவிடுங்கள்" என்றார். சிரித்தோம், ஆனால் யோசனை என்னை விடவில்லை. ஒரு மனிதன் பத்து வருடத்தில் வேறு ஆளாகத் திரும்பி வருவதை நாடகக்காரர்கள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு மூன்று அத்தியாயம் தேவைப்படுகிறது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைச் சுற்றிய கதை. நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்தது. ஒரு குடும்பம், ஒரு வீடு, அந்த இரவு, பிறகு வந்த மாதங்கள். எழுதிய பக்கங்களில் பத்துப் பன்னிரண்டைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுப்பேன். திரும்பி வரும்போது வடை எண்ணெயும் பேனைக் கோடுமாக இருக்கும். எண்ணெய் படாத பக்கத்தை அவர்கள் அவசரமாகத் தாண்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டுக் கெம்பஸ் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, இந்த வீட்டு ஹோல்ல டிவி எங்க இருக்கு? எல்லாரும் என்னத்தப் பாத்துக்கொண்டு இருக்காங்க?" நல்ல கேள்வி. இலங்கையில் அப்போது தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில்தான் தொடங்கியது, அதுவும் கொழும்பைச் சுற்றிய கொஞ்ச இடத்துக்கு. ரூபவாஹினி வந்தது 1982இல். ஆகவே என் வீட்டு ஹோலில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், மிஞ்சிப்போனால் வானொலிப் பெட்டியை. இதைச் சொன்னதும் வானொலியில் எச்சரிக்கை சொன்னார்களா, எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று ஐயாவுக்கும் பக்கத்து மேசைக்காரர் ஒருவருக்கும் வாக்குவாதம். அந்த மனிதர் எங்கள் கூட்டமே இல்லை, ரோல்ஸ் சாப்பிட வந்தவர்.

அன்றைக்கு டிவியிலும் ஒரு புயல். வழக்கமான செட் புயல்தான்: ஜன்னல் சீலை பறக்கிறது, வெளிச்சம் மூன்று தரம் வெட்டுகிறது, கதாநாயகியின் முடி அழகாகக் கலைகிறது. மாமி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாடகத்தின் நடுவிலேயே சத்தத்தை முழுதாகக் குறைத்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. "இதுவும் ஒரு காத்தா?" என்றார். "எனக்கு அப்ப எட்டு வயசு. கூரத் தகடு போன சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல, காத்துச் சத்தம் அவ்வளவு. அம்மா எங்கள நெல்லுப் பெட்டகத்துக்குப் பின்னால வச்சு, தான் முன்னால இருந்தா. விடியப் பாத்தா தென்ன எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக் கிடக்கு. கடல் வரைக்கும் வெளியாத் தெரியுது. அதுக்கு முன்ன எங்கட முத்தத்தில இருந்து கடலக் கண்டதே இல்ல."

ஓட்டோத் தம்பி, வந்தவர்கள், ரோல்ஸ்காரர், யாரும் பேசவில்லை. சமையல்கட்டுப் பொடியன்தான் "மாமி, பிட்டு!" என்று கத்தினான். அன்றைக்குப் பிட்டு கல்.

வீட்டு முற்றத்திலிருந்து முதன்முதலாகக் கடல் தெரிகிறது என்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காத விஷயம். மாமியிடம் கேட்டு, நாவலில் சேர்க்க அனுமதி வாங்கிவிட்டேன். "பேரப் போடாத தங்கச்சி, கடன்காரன் வாசிச்சிருவான்" என்பதுதான் ஒரே நிபந்தனை. என் வாசகர்கள் என் எழுத்தைப் பற்றிச் சொல்வது எனக்குத் தேவைதான். ஆனால் என்னை வாசிக்காத, வாசிக்கப்போகவும் செய்யாத ஆட்கள் வந்து குறுக்கே விழுவது ஒரு கூட்ட மண்டபத்தில் நடக்காது. கதவை மூடி, பனர் கட்டி, மைக் வைத்தால் ரோல்ஸ்காரர் உள்ளே வருவாரா? டிவி ஓடுவதால்தான் இந்தக் கடையில் எல்லா மேசையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு மேசையில் பேசினால் ஆறு மேசைக்கும் அது பேச்சு.

முடிவைச் சொல்லச் சொல்லி நச்சரிப்பதில் முதலிடம் ஒரு தாதியர் மாணவிக்கு. "எனக்கு மட்டும் சொல்லுங்கக்கா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்பாள். சொல்லாததற்கு நான் ஏதோ கொள்கைக் காரணம் சொன்னேன். தபாலதிபர் ஐயா விடவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கோவலன் கதையை வழக்குரையாகப் பாடுகிறார்கள். கோவலன் வெட்டுப்படுவான் என்று தெரியாத குழந்தை அந்தக் கூட்டத்தில் உண்டா? தெரிந்துகொண்டுதானே வந்து இருக்கிறார்கள், அம்மனின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி பாடும் வரைக்கும் கண்விழிக்கிறார்கள்? முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்பது டிவிக்காரர் விளம்பரம் விற்கக் கட்டிவிட்ட கதை என்பது அவர் வாதம். பாதி ஒத்துக்கொள்கிறேன். கோயிலில் பாடுகிறவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு, அவர்களுடைய கதை நூற்றுக்கணக்கான வைகாசி கண்டது. என்னுடையது ஒரு வைகாசி தாங்குமா என்று இன்னும் தெரியாது. தவிரவும், என் கொப்பியில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இரண்டையும் சொன்னால் கையை உயர்த்தி வாக்கெடுப்பு நடத்திவிடுவார்கள், ஓட்டோத் தம்பி இரட்டைப் பிறவிக்கு வாக்களிப்பார்.

சரி, ஒரு புள்ளி ஏன் குறைந்தது என்று சொல்ல வேண்டும். கழிவறை பின்னால் இருக்கிறது, கதவுக்குக் கொண்டி இல்லை, கயிறு. பெண்கள் கூட்டம் வரும் கடையில் அதை எப்போதோ திருத்தியிருக்க வேண்டும். சொல்லியும் ஆயிற்று. பொழுது பட்டதும் நுளம்பு. கேட்டால் மேசைக்கடியில் சுருள் கொளுத்தி வைப்பார்கள், கேட்காவிட்டால் இல்லை. அட்டையில் காசு எடுக்கமாட்டார்கள். பிளக் பொயின்ட் ஒன்றே ஒன்று, அதில் டிவி. போனுக்குச் சார்ஜ் என்று வாயைத் திறக்க வேண்டாம். பில் நாட்கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரும், கூட்டிப் பார்ப்பது நல்லது. ஏமாற்றுவதில்லை, ஆனால் நாடகம் பார்த்துக்கொண்டு கூட்டுகிறார்கள்.

கூட்டமாகப் போவதானால் முதல்நாளே சொல்லிவிடுங்கள், இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு வைப்பார்கள். காற்றாடிக்கு நேர்கீழே இருக்கும் மேசையை எடுக்காதீர்கள், தாள் நிற்காது. போயா இரவில் வாவிக்குள்ளிருந்து வரும் பாடும் மீன் சத்தத்தைக் கேட்கப் பாலத்துக்கு வருகிறவர்களும் இங்கே தேத்தண்ணிக்கு வருவதால் ஏழு மணிக்குப் பிறகு இடம் கிடைப்பது கஷ்டம். எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையில் மாமியின் நாடகம் இல்லை, அவரோடு ஆறுதலாகக் கதைக்கலாம். ஆனால் அன்றைக்கு வடை போடமாட்டார்.