ஓரிடத்தில் 43 பருவங்களா, இரு இடங்களில் 32 பருவங்களா?

அமெரிக்கக் கல்லூரி மகளிர் வாலிபால் என்றாலே எனக்கு இரு பயிற்சியாளர்கள் நினைவுக்கு வருவார்கள். இவர்களில் யார் பெரியவர்? ரஸ் ரோஸ் 1979 முதல் 2021 வரை பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை விட்டு நகரவே இல்லை. ஜான் டன்னிங் 1985இல் பசிபிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2001இல் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறினார்.

டன்னிங் கால் வைத்த இரண்டு இடங்களிலும் முதல் ஆண்டிலேயே தேசியக் கோப்பை! அடுத்தவர் வளர்த்த அணியை உடனே தன் வசப்படுத்துவது லேசான காரியமல்ல. மொத்தம் ஐந்து பட்டங்கள். 2016இல் வென்ற கையோடு ஓய்வு பெற்றார்.

ரோஸ் முதல் பட்டத்துக்கு 1999 வரை காத்திருந்தார். ஆட்டம் சூடுபிடிக்கும்போதும் பெஞ்சில் தாளும் பேனாவுமாக, தன் கையாலேயே புள்ளிவிவரம் குறித்துக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமைக்கு 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு பட்டங்கள் கிடைத்தன, மொத்தம் ஏழு.

நேருக்கு நேர்? 2007, 2008 இறுதிப் போட்டிகளில் ரோஸ்தான் வென்றார். ஆனால் தொடர்ந்து 109 ஆட்டங்களை வென்றிருந்த அவருடைய அணியை 2010 செப்டம்பரில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வீழ்த்தியது டன்னிங்கின் ஸ்டான்ஃபோர்டுதான்.

என் ஓட்டு ரோஸுக்கே. பட்டமே இல்லாத இருபது ஆண்டுகளை ஒரே அணியோடு கடந்தவர் அவர்.