மூன்றாம் மாடியா, மேட்டு ஜிங்க் வீடா?

ஐப்பசி பிறந்தாலே வேதாரண்யத்திலிருந்து அம்மா போனில் கேட்கத் தொடங்கிவிடுவார்: "அங்க புயல் ஏதும் சொல்லியிருக்காங்களா?" 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த அன்று வீட்டு ஓட்டில் பாதி போனது, கொல்லைத் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதிலிருந்து அவருக்குப் புயல் என்றால் பெயர் வைத்த புயல்தான். நாங்கள் இருக்கும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அந்த மாதிரி வருவது அபூர்வம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் காற்று அப்படிச் சுழன்றுகொள்வதில்லை. 2001 டிசம்பரில் வாமே என்று ஒன்று ஜொகூரில் கரையேறியதோடு சரி. இங்கே நாம் பார்ப்பது பெயரில்லாத காற்று. சாயங்காலம் இருபது நிமிடம் அடிக்கும், எதிர்வீட்டு போர்ச் தகரத்தை லோங்காங் சாக்கடையில் கொண்டுபோய்ப் போடும், ஆறு மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல வெயில் எட்டிப் பார்க்கும். அப்புறம் நவம்பர் முதல் மார்ச் வரை வெள்ளப் பயம் தனி.

அந்தப் பயத்தில்தான் வீடு மாறுகிறோம். பூலோ காசாப்பில் மூவார் ஆற்றுக்குப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். 2023 மார்ச் முதல் வாரம், மழைக்காலம் முடிந்தது என்று பாயைக்கூட அலசிக் காயப்போட்ட பிறகு, கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அத்தை 2006 டிசம்பர் வெள்ளத்தையும் இதே வட்டாரத்தில் பார்த்தவர். "இன்னொரு தடவ சேறு அள்ள என்னால முடியாதும்மா" என்றார். வாடகை குறைவு, தமிழ்ப்பள்ளி பக்கம் என்று சாக்குச் சொல்லி அதற்குப் பிறகும் இழுத்தடித்தோம். இந்த முறை மழைக்கு முன்னால் கிளம்பியே தீருவது என்று தேடியதில் கையில் இரண்டு வீடுகள் நின்றன.

ஒன்று, சிகாமட் டவுனில் பிளாட். மூன்றாம் மாடி, அதற்கு மேல் கூரைதான். வாடகை 550 வெள்ளி (ரிங்கிட்). இன்னொன்று, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் தரை வீடு. பாதி கல், பாதி பலகை, ஜிங்க் தகரக் கூரை. 650 வெள்ளி. இரண்டு இடத்திலும் வீட்டுக்குள் வெள்ளம் வராது. மேட்டில் 2006-லேயே வாசற்படி நனையவில்லை என்று தவுக்கே (வீட்டுக்கார முதலாளி) சொன்னார். அவரை மட்டும் நம்பாமல் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் கேட்டோம், அதையேதான் சொன்னார்கள்.

பிளாட்டில் கடை, கிளினிக், பாசார் மாலாம் இரவுச் சந்தை எல்லாம் காலடியில். மேட்டு வீட்டுக்குப் பால் வாங்கவும் மோட்டார்சைக்கிளை எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேன் செலவு கூடுதல். மாடிக்கு லிஃப்ட் கிடையாது, அத்தைக்கு முட்டிவலி. இதெல்லாம் யாருக்கும் தெரிந்த கணக்கு, இதை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை.

பிளாட் வாழ்க்கை எனக்கு முழுக்கத் தெரியாது. வெள்ளத்துக்குப் பிறகு நாத்தனார் வீட்டில், அதுவும் மூன்றாம் மாடியில், பத்தொன்பது நாள் இருந்தோம்; என் அனுபவம் அவ்வளவுதான். முதல் ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். என்ன மழை பெய்தாலும் இங்கே ஏறாது என்ற நிம்மதிக்கு ஈடு கிடையாது. ஆனால் மறுநாளே கரண்ட் போனது. துணை மின்நிலையத்தில் தண்ணீர் ஏறினால் ஆபத்து என்று நிறுத்திவிடுவார்கள், அது சரிதான். கரண்ட் இல்லையென்றால் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாவிட்டால் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. ஊரெல்லாம் தண்ணீர், கழிப்பறைக்கு ஊற்ற ஒரு வாளி இல்லை. நாத்தனார் வீட்டு அண்ணனும் என் கணவரும் கீழேயிருந்து தூக்கித் தூக்கித் தோள் இறங்கிப்போனார்கள்.

காரும் ஒரு கவலை. மாடியில் நாம் பத்திரமாக இருப்போம், கார் கீழேதானே நிற்கும்? சாதாரணக் கார் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். கார் தண்ணீரில் நின்ற பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மனத்தை மாற்றியது கூரை.

பிளாட் பார்க்கப் போனபோது படுக்கையறைச் சீலிங்கில் சாயத்தண்ணீர் சிந்தியதுபோல ஒரு பழுப்பு வட்டம். "ஒழுகுதா?" என்றேன். "புகார் கொடுத்தாச்சு" என்றார் வீட்டுக்காரர். எப்போது? எட்டு மாதம் முன்னால். கூரை பொதுச் சொத்து, அதைப் பழுதுபார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி எல்லா உரிமையாளரும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும், பெரிய வேலைகளுக்கென்று தனி நிதியும் கட்ட வேண்டும். ஏட்டில் எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்தக் கட்டடத்தில் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது, எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லாத அளவுக்கு நீளம். வாடகைக்காரி நான் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும், நிர்வாகம் பணம் சேரக் காத்திருக்க வேண்டும். மழை யாருக்காகவும் காத்திருக்காது.

படியிறங்கும்போது அத்தை, கைப்பிடியைப் பிடித்தபடி, "இது லயம் மாதிரியே இருக்கும்மா" என்றார். அவர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், பிறந்து வளர்ந்தவர். லயத்தில் ஜிங்க் பறந்தால் மண்டோரிடம் (கங்காணியிடம்) சொல்ல வேண்டுமாம், மண்டோர் ஆபீஸில் சொல்ல வேண்டுமாம், துரை மனம் வைத்தால் ஆள் வரும். அதுவரை பாத்திரம் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு பிளாட் ஆசை விட்டுப்போனது.

மேட்டு வீட்டுக் கூரையும் யோக்கியம் இல்லை. பழைய தகரம், பாதி இடத்தில் ஆணிதான் அடித்திருந்தது. காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும்போது ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும், திருகாணிதான் பிடித்து நிற்கும். திருகாணி போட்ட இடத்திலும் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் அந்த ஓட்டை வழியாகவே ஒழுகும். ஆனால் இதையெல்லாம் ஏணி வைத்து ஏறி நம் கண்ணால் பார்க்க முடிகிறது. தவுக்கே இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். "நீ செய், பில் கொண்டா, வாடகையில கழிச்சுக்கோ" என்றார். எழுதி வாங்கிக்கொண்டோம்.

என் கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஏறினார். அத்தை கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டார். காற்று முதலில் ஓரத்தையும் மூலையையும்தான் கிளப்பும், அதனால் அங்கே திருகாணியை நெருக்கிப் போடு. ஆணி வரிசை மேலேயே கால் வை, அடியில் சட்டம் இருக்கும், நடுவில் மிதித்தால் தகரம் மடங்கும். ஈரக் கூரையில் ஏறவே ஏறாதே. கூரைத் தண்ணீர் வடியும் பீலியில் ஒரு வாளி மக்கிய இலை கிடந்தது, அதை அள்ளியதுமே பலகைச் சுவரில் வழிந்துகொண்டிருந்த கோடு நின்றுவிட்டது. போர்ச் தகரம்தான் முதலில் பறக்கும் என்று அதற்குக் குறுக்கே இரும்புப் பட்டை ஒன்று. மொத்தச் செலவு 180 வெள்ளி. கூலி கணக்கில் இல்லை. இரண்டு வேளை கோழிக்கறியோடு இவர் சரிக்கட்டிக்கொண்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஜிங்க் கூரையில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, மதியம் அடுப்படி கொதிக்கும். பலகையில் கரையான் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பக்கம், பாம்பு வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வீடு மேட்டில், சாலை பள்ளத்தில். ஆறு பெருகினால் நாங்கள் தீவு. அதனால் நாலு நாளைக்கு அரிசி, காஸ், அத்தையின் சர்க்கரை மாத்திரை எப்போதும் கையிருப்பில் வைக்க வேண்டும். ஆற்று மட்டத்தை வடிகால் துறையின் இணையப் பக்கத்தில் காலையும் மாலையும் பார்ப்பது எனக்கு இப்போதே பழக்கம். சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நாலு படி. இரண்டாம் படியிலேயே காரைச் சாலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவதாகத் திட்டம். இந்தத் திட்டம் ஒரு முழு மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. கூரையும் திருகாணி போட்ட பிறகு ஒரே ஒரு சாயங்காலக் காற்றைத்தான் தாங்கியிருக்கிறது. ஆற்றோர வெள்ளம் இல்லாத ஊரில், கட்டணம் ஒழுங்காக வசூலாகும் நல்ல பிளாட் கிடைத்து, வீட்டில் வயதானவர்களும் இல்லையென்றால், நானே மாடியைத்தான் எடுத்திருப்பேன்.

இப்போது கூடம் முழுக்க மைலோ அட்டைப்பெட்டி. பிறப்புச் சான்றிதழ்கள், விசா ஒட்டிய என் கடப்பிதழ், கார் கிராண்ட் (பதிவுப் பத்திரம்) எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், அதை லோரியில் ஏற்றாமல் என் மடியிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன். லோரி சனிக்கிழமை காலை வருகிறது. ஏணியைக் கடைசியாக ஏற்றச் சொல்லி அத்தை இப்போதே சொல்லிவிட்டார். இறங்கியதும் முதலில் வேண்டியது அதுதானாம்.