மறை கழண்ட கேமரா: ஃபெட்-2வுடன் ஏழு வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்து, "ஃபெட்-2ன்னு அந்தப் பழைய சோவியத் ஃபிலிம் கேமரா ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா? உங்ககிட்டதான் இருக்கே" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரித்து, எவர்சில்வர் தட்டில் நாலு பொடி ஸ்க்ரூக்களை வைத்துவிட்டு, ஐந்தாவதை டார்ச் அடித்துத் தரையில் தேடிக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததைச் சொல்லாமல் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இது.

கேமராவின் ஜாதகம் இதுதான். உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் 1955 முதல் 1970 வரை செய்தது, லைக்கா மறை என்கிற 39 மி.மீ. விட்டத் திருகுமறை உள்ள லென்ஸ்கள் மாட்டும், பேட்டரி கிடையாது, லைட் மீட்டர் கிடையாது. என்னிடம் இருப்பதில் இன்டஸ்டார்-61 லென்ஸ். நான் வாங்கும்போதே அறுபது வயதை நெருங்கியிருந்தது, எனக்கு முன்னால் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பதை ஸ்க்ரூ தலைகளைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். பொருந்தாத ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பி, காடி எல்லாம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஆகவே இனி நான் திட்டப்போவது எதுவும் செய்தவர்களைச் சேராது. திறந்தவர்களைச் சேரும். அதில் நானும் உண்டு.

இதில் கழண்டுவராத பாகம் எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஷட்டர் வேகத்தை மாற்றும் குமிழ். அதைச் சுற்றிப் பக்கவாட்டில் இருக்கும் பொடி ஸ்க்ரூக்கள் தளர்ந்துபோய், 1/500 என்று நான் வைத்தது உள்ளே வேறு எதுவாகவோ இருந்தது. அடுத்து லென்ஸின் ஃபோகஸ் வளையம். அதைப் பிடித்திருப்பவை மூன்று ஸ்க்ரூக்கள், மூன்றும் இளகியதில் ஒரு கல்யாண வீட்டில் வளையம் மட்டும் என் விரலோடு சுற்ற, லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை மங்கல், பின்னால் நின்ற சமையல்காரர் படு ஷார்ப். இவற்றை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன். ஒருமுறை சரியாக இறுக்கி, மறையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும், தேவைப்பட்டால் அசிட்டோன் தொட்டு எடுத்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது அந்தச் சின்ன வட்ட ஜன்னல்.

தூரத்தை அளந்து ஃபோகஸ் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கும்போது நடுவில் இரண்டாவது பிம்பம் ஒன்று தெரியும், லென்ஸைத் திருப்பத் திருப்ப அது பக்கவாட்டில் நகர்ந்து முதல் பிம்பத்தின் மேல் வந்து உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஃபோகஸ். அந்த இரண்டாவது பிம்பம் முன்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாக வருகிறது. அங்கே ஆப்பு வடிவத்தில் சீவிய ஒரு கண்ணாடி வளையத்தோடு இருக்கிறது, அதைச் சுழற்றினால் பிம்பம் ஏறும், இறங்கும். எனக்கு ஆப்பு வைப்பதும் அதுவேதான். பைக்கில் இரண்டு முறை போய்வந்தால் வளையம் இளகும், கண்ணாடி ஒரு துளி சுழலும், பிம்பம் ஒரு மயிரிழை கீழே இறங்கிவிடும். பக்கவாட்டில் சேருகிறது, மேலும் கீழும் சேரவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதனால் படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. தூரத்தைக் காட்டுவது பக்கவாட்டு நகர்வு மட்டும்தான். மேல் கீழ் பிசகினால் கண்ணுக்குத்தான் தொந்தரவு, நெகட்டிவுக்கு இல்லை. விட்டுவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் விட்டுவிடுவார்கள். எனக்கு முடியவில்லை. செங்குத்தாக நிற்கும் கதவு நிலையைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பக்கத்தில் குறுக்காக ஓடும் ஜன்னல் கம்பி ஒன்று இரண்டாகத் தெரியும்போது, நேராக மாட்டாத காலண்டரைப் பார்க்கிற மாதிரி எனக்குக் கை பரபரக்கும்.

சரி, திருத்தலாம் என்று அந்த வளையத்தைத் தொட்டால் அடுத்த வினை. ஆப்புக் கண்ணாடி மேலும் கீழும் மட்டும் நகர்த்தாது, சுழலும்போது பக்கவாட்டிலும் இழுத்துக்கொண்டு போகும். அதாவது கெடுதலில்லாத பிழையைத் திருத்தப்போய்க் கெடுதலான பிழையை உண்டாக்கிக்கொள்கிறோம். பிறகு முன்பக்கத்து மூடி ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி, மொட்டை மாடிக்குப் போய்த் தூரத்து செல்போன் டவரைப் பார்த்து, முடிவிலியில், அதாவது வெகுதூரத்தில், ஃபோகஸ் சேருகிறதா என்று சரிபார்த்து, மறுபடி வளையம், மறுபடி ஸ்க்ரூ. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு முறை மாடி ஏறினேன். "மறை கழண்டது கேமராவுக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

நடுவில் ஒருமுறை காசு கொடுத்தும் பார்த்தேன். பெயர் வேண்டாம், பெரிய ஊரில் இருக்கும் கடை. மூன்று வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள், பிம்பம் கச்சிதமாக இருந்தது. அடுத்த முறை நான் திறக்கப் போனபோதுதான் தெரிந்தது, வளையத்தை ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பெயர்த்தெடுத்த கதையைச் சொன்னால் ரத்தக்கொதிப்பு ஏறும். அதைவிட, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மரப்பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர் எவ்வளவோ மேல். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எனக்குத் தெரியாது தம்பி, ஆனா உன் டிரைவர் தப்பு" என்றார். என்னுடையது ஆப்பு மாதிரிச் சரிந்த முனை, காடியின் மேல்விளிம்பை மட்டும் பிடித்து வழுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்து, முனை காடியின் அடிவரை போய் உட்காரும்படி செய்து கொடுத்தார். முப்பது ரூபாய். ஏழு வருடத்தில் இந்தக் கேமராவுக்கு நான் செய்த ஒரே உருப்படியான செலவு.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு ஜன்னல்களுக்கும் உள்ள இடைவெளி இதில் 67 மி.மீ. இன்னொரு சோவியத் கேமராவான சோர்க்கி-4இல் 38தான். இடைவெளி கூடினால் தூரத்தை அளப்பதும் துல்லியமாகும். எல்லாம் சரியாக இருக்கும் நாட்களில், லென்ஸை 2.8இல் முழுக்கத் திறந்து, சாயங்கால வெளிச்சத்தில் பாட்டியின் கண்ணை ஃபோகஸ் செய்தால் கண் இமைதான் ஷார்ப்பாகக் கிடைக்கும், காது கிடைக்காது. அடியில் இரண்டு சாவிகளைத் திருப்பினால் பின்பக்கம் முழுசாகக் கழண்டு கையில் வந்துவிடுவதும் பெரிய வசதி. ஃபிலிம் போகும் தடத்தில் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரை, பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் பி-யில் வைத்துத் திறந்தால் லென்ஸ் வரையும் பிம்பத்தைத் தலைகீழாக நேரிலேயே பார்க்கலாம். தப்பு லென்ஸிலா ரேஞ்ச்ஃபைண்டரிலா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் தெரு அந்தத் தாளில் வண்ணத்தோடு தலைகீழாக நடந்து போவதை முதல்முறை பார்த்தபோது, சரிபார்க்க வந்ததையே மறந்து அரை மணி நேரம் நின்றேன். தன்னை இப்படித் திறந்து காட்டுகிற பொருள் வேறு எதுவும் என் வீட்டில் இல்லை. என் போனின் பேட்டரியை என்னால் கழற்ற முடியாது.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். படம்தான் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஃபிலிம் விற்கிற விலைக்கு ஒரு ரோல் கெட்டாலே மனசு கேட்காது. மீறி வாங்கினால் அந்தச் சின்ன ஜன்னலை மட்டும் தொடாதீர்கள். தொடுவீர்கள், தெரியும்.

ஐந்தாவது ஸ்க்ரூ மறுநாள் துடைப்பத்தில் கிடைத்தது. போட்டாயிற்று, வளையத்தின் ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, அசிங்கமாகத்தான் தெரிகிறது. இப்போது உள்ளே ஒரு ரோல் பத்தொன்பதாவது படத்தில் நிற்கிறது. இன்று காலை கொடிக்கம்பியைப் பார்த்தபோது ஒரு மயிரிழை இறங்கியிருந்த மாதிரி இருந்தது. ரோல் முடியட்டும்.